கூப்பிடு தூரம்

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
இருநூறு மீட்டருக்குக் குறைந்த வெற்றிடம் என்றால்
அவை ஒரே நகரம்.
விதி இதுதான். பாரிஸில் எழுதியது.
கரும்பு எவ்வளவு உயரம் வளரும் என்பது பற்றி
அதில் ஒரு வரியும் இல்லை.

ரெயூனியோன் தீவின் கிழக்கில்
சேந்த் ஆந்த்ரேயின் கடைசித் தெருவிளக்கிலிருந்து
சக்கரக்கோலை உருட்டிக்கொண்டு போகிறேன்.
ஒரு சுற்று ஒரு மீட்டர். ஒரு டிக்.
அலுவலகத்துச் செயற்கைக்கோள் படத்தில்
மேசைவிரிப்பில் கொட்டிய திராட்சை ரசம்போல்
சிவப்பாகப் பரவியிருக்கிறது நகரம்.
கறை என்றுதான் சொல்கிறார்கள் அதை,
நிஜமாகவே, பிரெஞ்சில்,
யாரையும் திட்டாமல்.

நேற்றுவரை கணக்கு இப்படி:
விளக்குக் கம்பத்து வீட்டுக்கும்
ஆற்றோரக் குடியிருப்பின் முதல் வீட்டுக்கும்
முந்நூற்றுப் பதினொரு மீட்டர், முழுக்கக் கரும்பு.
இந்தப் பக்கம் நகரம்.
அந்தப் பக்கம் நானூற்று ஆறு பேர், நாட்டுப்புறம்.
தமிழென்றால் ஊர் என்று எழுதித் தப்பித்துவிடலாம்.
படிவத்தில் இரண்டே கட்டங்கள்.

நூற்று அறுபத்து நாலாவது டிக்கில்
எண்ணெய் காயும் வாசனை.
படத்தில் பச்சையாய் இருந்த இடத்தில்
ஒரு தகரக் கூரை, பச்சை வர்ணம் அடித்தது.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
சமோசா மடித்துக்கொண்டிருந்தாள்
ஜொஸ்லின் வெல்லயூதோம்.
(எப்போதோ ஒரு குமாஸ்தாவின் காதில்
வேலாயுதம் அப்படித்தான் விழுந்திருக்கிறது.)

சுவர் உண்டா என்றேன்.
மூன்று. நாலாவது கரும்பு.
கதவு?
உண்டு. புயல் வந்தால் கழற்றி உள்ளே வைத்துவிடுவேன்.

இங்கிருந்து ஆற்றுப் பக்கம் நூற்று நாற்பத்தேழு.
இவளைக் கட்டடம் என்று எழுதினால்
இரண்டு வெற்றிடமும் விதிக்குள் அடங்கும்;
நானூற்று ஆறு பேரும் இன்று மாலைக்குள் நகரம்.
அவர்களில் ஒருவருக்கும் தெரியாமல்,
செருப்பைக்கூட மாற்றாமல்.

சொன்னேன்.
நகரமானால் குழாயில் தண்ணீர் வருமா?
அது வேறு அலுவலகம்.
பஸ்?
அதுவும் வேறு.
அனுமதியில்லாத வீட்டை இடிக்க வருவார்களே, அவர்கள்?
நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

அவளே தொடர்ந்தாள்:
என் சேவல் நாலு மணிக்குக் கூவும்.
விளக்குப் பக்கத்திலிருந்து போன மாதம் புகார் வந்தது.
முகவரி இல்லாததால்
வேலிக்கம்பியில் குத்திவிட்டுப் போயிருந்தார்கள்.
ஆற்றுப் பக்கத்திலும் அதே சத்தம்தான் கேட்கிறது;
அங்கே அதைக் கேட்டுத்தான் அடுப்புப் பற்றவைக்கிறார்கள்.
உன் நகரம் எங்கே முடிகிறதென்று
சேவலுக்குத் தெரியும். இத்தனை தூரம் உருட்டணுமா?

கூப்பிடு தூரம் என்று ஓர் அளவு இருந்தது எங்களிடம்.
யார் தொண்டை, எந்தப் பக்கம் காற்று
என்றெல்லாம் கேட்காத அளவு.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்;
பெருமையடிப்பதுபோல் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து சமோசா கட்டிக் கொடுத்தாள், நாலுக்குக் காசு வாங்கிக்கொண்டாள்.
கட்டடமா, இல்லையா என்ற இடத்தில்
எண்ணெய் விரலோடு எழுதினேன்:
'கரும்பு உயரமாக இருப்பதால் தெளிவில்லை.
அறுவடைக்குப் பின் மறுபடி பார்க்க.'

பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு
கம்பத்தடிவரை வந்துவிட்டேன்.
ஜூலையில் வெட்டத் தொடங்குவார்கள்.
அவளுடைய நாலாவது சுவரை.