மீன் ஒன்று

ஜெபக்கனி அனுப்பிய வீடியோ
மூன்றாம் மதகின் மேல் நிற்கும்போதுதான் திறந்தது.
அதுவும் பாதி. மழையில் இங்கே டவர் கிடைப்பதில்லை.
அமெரிக்காவில் ஏதோ ஓர் அணை.
மின்சாரம் எடுக்கிற அணை. அதன் இடுப்பில்
மீனுக்கென்றே கட்டிய படிக்கட்டு.
படி ஒவ்வொன்றும் ஒரு தொட்டி,
தொட்டி விட்டுத் தொட்டிக்கு
முதுகை வில்லாக்கி எகிறுகிறது சால்மன்.
சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல்,
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி
போகிற மீனையெல்லாம் எண்ணுகிறாள்.
"உன் வேலை மாதிரியே இருக்குடி"
என்றது ஜெபக்கனியின் குரல்.
அதோடு சுற்ற ஆரம்பித்தது வட்டம்.

என் வேலை அதில்லை.
நான் செம்பரம்பாக்கத்தில் அடி எண்ணுகிறவள்.
மழைக்காலத்தில் மணிக்கொரு தரம்
டார்ச் அடித்து அளவுகோலைப் பார்த்து
நோட்டில் எழுத வேண்டும்:
நேரம், நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம்.
ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.
நாலு வருஷமாக அதில்
மழை என்றோ, மழை இல்லை என்றோதான்.

நாங்கள் மின்சாரம் எடுப்பதில்லை.
இருந்த மின்சாரமும் ஒன்பதே காலுக்குப் போய்விட்டது.
ஷட்டரைக் கையால் சுற்றினார்கள்
முபாரக்கும் கன்னியப்பனும்,
எத்தனையோ சுற்றுக்கு ஒரு ஜாண்.
சைதாப்பேட்டையில் இந்நேரம்
எல்லார் செல்போனும் ஒன்றாக அலறியிருக்கும்.
மதகுக்கடியில் தண்ணீர்
வெள்ளையாக எழுந்து உட்கார்ந்து
அடையாற்றைப் பார்க்கக் கிளம்பியது.

கீழே திருவிழா.
குன்றத்தூரிலிருந்து குடையோடு வந்தவர்கள்,
குடையில்லாமல் செல்ஃபி எடுப்பவர்கள்,
கொசுவலை, லுங்கி, ஒருவன் கையில்
துணிக்கடைக் கட்டைப்பை.
புதுத்தண்ணி வாசனைக்கு ஏறி வருகிற மீன்
ஷட்டரில் மோதி மல்லாந்து விழுகிறது,
விழுந்த இடத்தில் வலை இருக்கிறது.
கெண்டை, கெளுத்தி, ஜிலேபி.
கிலோ நூற்றியிருபது என்று
அங்கேயே விலை சொல்லத் தொடங்கியாயிற்று.

வெளியேறும் நீருக்கும் ஓர் அளவுகோல் உண்டு.
கரையின் வெளிச்சரிவில் முப்பத்தோரு படி இறங்க வேண்டும்.
மேலே விழுந்த மழை அந்தப் படிகளில்
காகிதக் கனத்தில் வழிந்துகொண்டிருந்தது.
பதினோராம் படியில் எதையோ மிதிக்கப் பார்த்தேன்.

பனையேறிக் கெண்டை.
உள்ளங்கை நீளம், சேற்று நிறம்.
செவுளை விரித்துக் கல்லில் ஊன்றி
வாலால் ஒரு தள்ளு,
ஊன்றல், தள்ளு,
ஒரு படி.
சறுக்கிப் பத்தாம் படி... இல்லை,
கீழேயிருந்து எண்ணினால் இருபதாவது.
எப்படி எண்ணுவது என்றே எனக்குக் குழம்பிவிட்டது.
யாரும் அதற்குத் தொட்டி கட்டவில்லை,
இந்தப் படியைக் கட்டியதும்
எனக்காக, என் செருப்புக்காக.

கட்டைப்பைக்காரன் மேலே வந்தான்.
"என்னக்கா பாக்குற?"
"பாம்பு" என்றேன்.
நல்ல வார்த்தை அது. பத்து படியை
ஒரே தாவலில் இறங்கிப் போனான்.

டார்ச்சை அணைத்தேன்.
இருட்டில் அதன் செதில் கல்லில் உரசுகிற சத்தம்
மதகின் இரைச்சலுக்குள்ளும் கேட்டதா,
கேட்பதாக நினைத்துக்கொண்டேனா, தெரியாது.
மேலே கரைச்சாலை. அதில் தண்ணீர் லாரிகள்.
அந்தப் பக்கம் ஏரி.
அதற்கு அது தெரியுமா? தண்ணீர் வருகிற பக்கம்
மூஞ்சியைத் திருப்பி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பத்து மணிக் கணக்கில்
எல்லாக் கட்டமும் நிரப்பிவிட்டு எழுதினேன்:
மழை. மீன் ஒன்று, ஏறுமுகம்.

காலையில் பத்மாசனி மேடம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.
"இதை எதுல சேக்கறது?
வரத்தா, வெளியேற்றமா?"

கரைச்சாலையை நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.
"வரத்து, மேடம்" என்றேன்.