யாருக்குப் பொருந்தும்

பதினான்காயிரத்து இருநூறு ரூபாய்.
ஐம்பது மில்லி.
கறுப்புப் புட்டி, மூடிக்கே ஒரு பூட்டின் கனம்.
பயிற்சி கொடுக்க மும்பையிலிருந்து வந்தவர்
காகித நாடாவை விசிறியபடி சொன்னார்:
இது எல்லோருக்கும் அல்ல.
அதிகம் பேசாதவர்களுக்கு.
ஓர் அறைக்குள் தாமதமாக வந்து
மன்னிப்புக் கேட்காதவர்களுக்கு.
குளிர்கால இரவுகளுக்கு.

குளிர்காலம் என்றதும்
பின்வரிசையில் சிரித்துவிட்டோம்.
சென்னையில் அதற்கு
மார்கழியில் பத்து நாள் ஒதுக்கலாம்,
அதுவும் மின்விசிறியை மூன்றில் வைத்து.

எழுதிக்கொண்டேன்.
முதலில் புகை. பிறகு தோல்.
நாலு மணி நேரம் கழித்து ஏதோ ஓர் இனிப்பு.
நாடா என் கைக்கு வந்தது.
முகர்ந்தேன்.

பல்லாவரம்.

வேறெதுவும் இல்லை, பல்லாவரம்.
ரயில் வேகம் குறைவதற்குள்
கைக்குட்டைகள் மூக்குக்குப் போன இடம்.
ஆறாம் வகுப்பில் என் பெஞ்சில்
என்னோடு என் பை மட்டும் உட்கார்ந்திருந்த வருடம்.
டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை,
ஜன்னலைத் திறக்கச் சொன்னார், அவ்வளவுதான்.
அம்மா என் சீருடையை இரண்டு தடவை துவைப்பாள்,
மூன்றாம் தடவை எலுமிச்சைத் தோல் போட்டு.
துணிதான் வெளுத்தது.

கண்ணை மூடுங்கள், என்ன தெரிகிறது, என்றார் மும்பைக்காரர்.
பழைய நூலகம், என்றான் ஒருவன்.
மழையில் ஒரு ஜாக்கெட்.
யாரோ குதிரை என்றார்கள், அவருக்குப் பிடித்திருந்தது.
ஜெசிந்தா?
குதிரைதான் சார், என்றேன்.

பிறகு ராயப்பேட்டை மாலில்
எட்டு மாதமாக விற்கிறேன்.
கழுத்தில் அட்டை தொங்கும் பையன்கள்
எனக்குப் பொருந்துமா என்பார்கள்.
பொருந்தும் என்பேன். சம்பளமே அதற்குத்தான்.
ஒருநாள் மங்களகிரிப் புடவையில் வந்த ஒரு அம்மாள்
சீ, செருப்புக் கடை மாதிரி, என்று
முகம் சுளித்தார்.
மணிக்கட்டை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார்.
சுளித்தார்.
மறுபடி.
கார்டை நீட்டினார்.

நேற்று கடை மூடும் நேரம்,
சாம்பிள் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு
காதுக்குப் பின்னால், ஒன்று மணிக்கட்டில்.
சைதாப்பேட்டையில் பத்தேகால் வண்டி.
பெண்கள் பெட்டியில் ஒரு காலேஜ் பெண்
இடித்துக்கொண்டு அருகில் வந்து நின்றாள்.
அக்கா, என்ன சென்ட்?
பிரெஞ்சுப் பெயரைச் சொன்னேன்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.
போனில் தேடினாள், விலையைப் பார்த்தாள்,
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
பல்லாவரத்தில் இறங்கினேன்.

அம்மா இட்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.
சுண்ணாம்பு தின்ற விரல்கள்;
நகம் இன்னும் நேராக வளர்வதில்லை.
கையை நீட்டினேன்.
ஈரக் கையாலேயே பிடித்தாள்,
தரம் பிரிப்பதுபோல
முன்பக்கம், பின்பக்கம் திருப்பினாள்.
மோந்தாள்.
ரொம்ப நேரம் மோந்தாள்.

பொகை சரி, என்றாள்.
பாய்லர்ல வேப்பங்கட்டை வெச்சா இப்டித்தான் வரும்.
தோலும் சரி. ஆட்டுத்தோலு.
சுண்ணாம்பு எங்கடி?
குழியே காணோமே இதுல.
குழியில எறங்காதவன் எவனோ செஞ்சிருக்கான்.

விலை கேட்டாள். சொன்னேன்.
அரிசித் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தாள்.
எத்தனை பேர் வாங்குறாங்க?
வாரத்துக்கு நாலஞ்சு.
தலையை மட்டும் ஆட்டினாள்.
படுக்கப் போகும்போதுதான் சொன்னாள்:
மிச்சம் கிச்சம் இருந்தா எடுத்தா.
ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போட்டுக்கறேன்.
மொத வரிசைல போயி உக்காரணும்.

பூசை ஏழு மணிக்கு.
அம்மா என்றைக்கும்
ஏழேகாலுக்குத்தான் உள்ளே போவாள்.