உதயகிரிக் கோட்டையில் ஒரு பிரிகேடியர்

புலியூர்க்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது
நான் நாயக் யேசுவடியான், ஓய்வு.
தக்கலையில் ஏ.டி.எம். காவல், இரவுப் பணி.
பத்தரை மணிக்குப் பிரிகேடியர்.

இடையில் நடந்தது இவ்வளவுதான்:
உடுப்புக்காரப் பையன்
வாயில் கவ்வியிருந்த ஊக்கை எடுத்து
மூன்று நட்சத்திரத்தையும் என் தோளில்
வரிசையாகக் குத்தினான்.
"தம்பி, முக்கோணமா வரணும்.
மேலே சிங்கம், கீழே
அடுப்புக்கல்லு மாதிரி மூணு."
"கேமராவுக்குத் தெரியாது சார்."
பதினேழு வருடச் சேவையில்
அந்தச் சாரை எனக்கு எவனும் தந்ததில்லை.

"மிலிட்டரியில என்னவா இருந்தீங்க?"
"நாயக்."
"நாயகனா?"
இல்லை மக்கா.
கையில் இரண்டு பட்டை.
'அன்' விகுதி வருவதற்குள்
பென்ஷன் வந்துவிட்டது.

ஜெனரல் உள்ளே வந்தார்.
சென்னைக்காரர், விக்கின் ஓரம் வியர்த்திருந்தது.
என் குதிகால்கள் தாமாகச் சேர்ந்துகொண்டன.
"கட்! பிரிகேடியர் சார்,
நீங்க இவரைத்தான் கவிழ்க்கப் போறீங்க.
பயப்படாதீங்க."
பயமில்லை அது. வெறும் குதிகால்.

மேசையில் டெல்லி வரைபடம்.
கிளாஸில் விஸ்கி, அதாவது கட்டஞ்சாயா.
கர்னல் இருவர், மேஜர் ஒருவர், நான்.
"இரவு இரண்டு மணிக்கு டாங்கிகள் நகரும்."
இது என் வசனம்.

நாலு வருடம் ஆயுதக்கொட்டடிச் சாவி
என் இடுப்பில் கிடந்தது.
மேஜரே வந்து நின்றாலும்
பதிவேட்டை நீட்டுவேன்: சாப், இங்கே ஒப்பு.
ஒப்பில்லாமல் ஒரு தோட்டா
வாசல் தாண்டியதில்லை.
அதனால் டைரக்டரிடம் கேட்டேன்,
"ரெண்டு மணிக்குச் சாவி யாருகிட்ட சார்?"
அவர் சிரித்தார்.
"அதையும் எடுத்தா படம் நாலு மணி நேரம்."

மதியம் பரோட்டாப் பொதியோடு
இடிந்த கோயில் சுவரருகே உட்கார்ந்தேன்.
உள்ளே ஒரு டச்சுக்காரர் படுத்திருக்கிறார்.
குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு,
தோற்கடித்த ராஜாவின் படைக்கே
வலிய கப்பித்தான் ஆனவர்.
தோற்றவனுக்குத் தலைமை கொடுத்த மண்ணில்
எண்ணூறு ரூபாய் நாள்கூலிக்கு
எனக்கும் ஒன்று.

சாயங்காலம்தான் டைரக்டர் என் கையைப் பார்த்தார்.
பனி தின்ற சுண்டுவிரல், ஒரு கணு பாக்கி.
"இது எங்கே?"
"வடக்கே. காவல்ல நிக்கும்போ."
"அருமை," என்றார். "குளோஸப் வை."

படம் மார்த்தாண்டத்துக்கு வந்தது.
ரெத்தினபாயோடு போனேன்.
என் முகம் இல்லை,
குரலும் வேறு யாருடையதோ.
ஆனால் வரைபடத்தின் மேல்
ஒரு கை ஊர்ந்து வந்து
பாராளுமன்றத்தின் மேல் டாங்கியை வைத்தது.
தியேட்டர் விசிலடித்தது.
"லே, வில்லன் கையப் பாருடே,
எத்தன பேரைக் கொன்னிருப்பான்!"
முன்வரிசைக்குக் கேட்கும்படி
ரெத்தினபாய் சொன்னாள்:
"அய்யோ, இது ஒங்க வெரலு."

அன்றிரவு பணிக்குப் போனேன்.
கம்பெனி கொடுத்த காக்கியின் தோளில்
ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் நட்சத்திரம்.
எந்த ராணுவத்திலும் இல்லாத பதவி.
ஒரு மணிக்குக் கார்டு சிக்கிய ஒருவர்
கதவைத் தட்டினார்: "செக்யூரிட்டி, இதைத் திற!"
சாவி என்னிடம் இல்லை சார் என்றேன்.
அவர் நம்பவில்லை.

இரண்டு மணி ஆயிற்று.
சாலையில் மீன் லாரி ஒன்று போனது,
பின்னால் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட.
பதிவேட்டில் நேரம் எழுதி
ஒப்பிட்டேன்.