பதினான்காம் தோட்டம்

வெட்டிய தண்டில் கால் மணி நேரம் காத்திருந்தால்
மஞ்சளாய்க் கசியும், சீழ்போல.
அதைத் தேடித்தான் ஏறுகிறோம்
இசிங்கிரோவின் சரிவுகளில்,
ஒரு கையில் பதிவேடு, மறு கையில் ப்ளீச் வாளி.

வாடல் கண்ட வாழை
முற்றாமலே பழுக்கும்.
ஒரே சீப்பில் ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள்,
நறுக்கினால் உள்ளே துரு.

அன்றைய உத்தரவு என்னுடையது:
ஒரு மரம் வாடினாலும் முழுத் தூரையும் தோண்டு,
கிழங்கோடு, கன்றுகளோடு.
ஆறு மாதம் அந்தக் குழியில் எதையும் நடாதே.
வாழையடி வாழையாய் நோயும் இறங்கும் என்று
படம் வரைந்து காட்டினேன்,
தாயிலிருந்து கன்றுக்குச் சிவப்பு அம்புக்குறிகள்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தலையாட்டினார்கள்.
தலையாட்டலில் பல வகை உண்டு,
பதிவேட்டில் அதற்குக் கட்டமில்லை.
ஒரு தூரைத் தோண்ட ஓர் ஆளுக்கு அரை நாள்.
நாற்பது தூர் என்றால்
நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.
நான் போடவில்லை.

பதினான்காம் தோட்டம் கியாரிசீமாவுடையது.
"தோண்டியாச்சா?"
"ஆச்சு."
குறி வைத்தேன்.

மழைக்குப் பின் நேரில் போனால்
குழி இருக்க வேண்டிய இடத்தில்
ஏழு கன்றுகள் நின்றன, காதை நிமிர்த்திக்கொண்டு.
நடுவே தரையோடு வெட்டிய ஒற்றை அடித்தண்டு,
காய்ந்து கறுத்து.
என் உதவியாள் பியாருஹங்கா இருமினான்.
அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கத்தினேன், மறைக்க என்ன இருக்கிறது,
மூன்று தோட்டத்துக்குக் கேட்டிருக்கும்.

அவள் தோளைத் தொட்டுக் காட்டினாள்.
சைக்கிளிலிருந்து விழுந்தது, மண்வெட்டி தூக்க முடியாது.
"ஆள் வைத்தால் கூலி, பிள்ளைகளின் பள்ளிப் பணம்.
வாடியதை மட்டும் வெட்டினேன்.
கத்தியை நெருப்பில் காட்டினேன்.
நீங்கள் சொன்னதில் அதை மட்டும் கேட்டேன்."

கன்றுகளின் இலை, தண்டு, கிழங்கு
எல்லாவற்றையும் பையிலிட்டு ஐஸ் பெட்டியில் அடைத்தேன்,
வழக்குக்குச் சாட்சி சேர்ப்பவனைப் போல.

ஆய்வகத் தட்டுகள். ஐந்து நாள்.
வேறு தோட்டத்து நோய்த்தண்டு
மஞ்சள் கொப்புளமாய்ப் பொங்கியிருந்தது.
அவளுடைய ஏழில்
ஒன்றில் லேசாக. மற்ற ஆறில் எதுவுமில்லை.
திரும்பச் செய்தேன். எதுவுமில்லை.
மின்சாரம் போன இரவில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
அவ்வளவு அழகான எதுவுமில்லையை
அதற்கு முன் நான் கண்டதில்லை.

அம்புக்குறிகள் பொய்யில்லை.
ஆனால் நோய் சோம்பேறி,
பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறது.
அது எழுந்திருக்கும் முன் போய் வெட்ட வேண்டும்,
வாரம் தவறாமல், வாடியதை மட்டும்.
ஆண்மொட்டைக் கத்தியால் தொடக் கூடாது,
கவட்டைக் கம்பால் முறுக்கி ஒடிக்க வேண்டும்,
தேனீ கொண்டுவருவது அதோடு நிற்கும்.

இதைச் சொல்ல எங்களுக்கு மூன்று வருடம், முப்பத்தாறு தோட்டம்.

கட்டுரையில் அவள் பெயர் 'பண்ணை 14'.
அச்சானதும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வரைபடத்தில் சரிந்து இறங்கும் கோட்டை
வாழைக்கறை படிந்த விரலால் தடவிப் பார்த்தாள்.
"இதற்கு எத்தனை வருடம்?"
"மூன்று."
"எனக்கு ஒரு தோள்," என்று சொல்லிவிட்டு
மட்டோக்கே உரிக்கத் திரும்பினாள்.

இறங்கும் வழியில் திபேசிக்வாவின் நிலம்.
சொன்னதைச் சொன்னபடி செய்தவர்.
எண்பத்திரண்டு தூர், அவரும் மகனும், பதினெட்டு நாளில்.
இப்போது கம்பாலாவில் செங்கல் சுமக்கிறாராம்.
குழிகளில் மழைநீர் நிற்கிறது,
தவளைகள் குடியேறிவிட்டன.

பழைய பதிவேட்டில்
அவர் பெயருக்கு நேரே
என் கையெழுத்து:
மிகச் சிறந்த ஒத்துழைப்பு.