பதினேழு அங்குலம்

ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்கு எழுபது கிலோமீற்றர்.
பின்சீற்றை மடக்கினால் நாற்பது தட்டு.
ஆயிரத்து இருநூறு முட்டை.
போய்ச் சேர முன்னம் பத்துப் பன்னிரண்டு வெடிக்கும்.
கொப்பியில் அதை 'றோட்டு வரி' என்று எழுதுவேன்.

கற்சிலைமடு தாண்டி ஒரு மதகு.
என் ஹைபிரிட்டின் வயிறு அதில் உரசும்.
அந்தச் சத்தம்
எனக்குப் பல்லுக்குள்தான் கேட்கும்.

'உயரம் காணாதக்கா' என்றான் றொபின்சன்,
மாங்குளத்து ரயர் கடையில், பாதி வடையோடு.
'பதினைஞ்சைக் கழட்டிப்போட்டுப் பதினேழு போடுங்கோ.
அரை அங்குலம் எழும்பும். பாக்கவும் ஒரு எடுப்பு.
ஒரு கிழமை ஓடுங்கோ, பிடிக்காட்டித் திருப்பித் தாங்கோ.'
இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்ற கஜமுகன்
எடுப்பு என்ற ஒரு சொல்லை மட்டும்
வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

திங்கள்.
மதகு பேசாமல் விட்டது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
உரசாத ஒரு மதகுக்காக
இப்படிச் சிரித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

புதன்.
இருபத்துநாலு காட்டுகிற திரை
லீற்றருக்கு இருபது என்றது.
இந்தக் கார் கஞ்சப்பிசுநாறி.
காலைத் தூக்கினால் போதும்,
ஓடுகிற ஓட்டத்தைப் பிடித்துப் பற்றறிக்குள் போட்டுவிடும்.
பின்னேரங்களில் ஏ-ஒன்பதில் படுத்திருக்கும் மாடுகள்
ஒவ்வொன்றும் எனக்குச் சொட்டு மின்சாரம்.
கனகராயன்குளத்துச் சிவப்பிக்கு
நான் உண்மையில் கடன்.
ஆனால் பாரமான றிம்மை
நிற்பாட்டினால் திரும்ப உருட்ட வேண்டும்.
மாடு தந்ததை
சில்லு தின்றது.

பிறகு இன்னொன்று பிடிபட்டது.
எழுபது கிலோமீற்றர்
மீற்றரில் அறுபத்தேழாகிவிட்டது.
பெரிய சில்லு ஒரு சுற்றுக்குக் கூடத் தூரம் போகும்,
காருக்கு அது தெரியாது,
பழைய காலடியால்தான் அளக்கும்.
வவுனியா மூன்று கிலோமீற்றர் கிட்ட வந்துவிட்டதாக
அது நம்பிக்கொண்டிருக்கிறது.
திருத்திப் பார்த்தால் இருபதல்ல, இருபத்தொன்று.
போய்வர முக்கால் லீற்றருக்குச் சற்றுக் கூட.
அதை முட்டையாக்கினேன்: ஏழு.

ஏழு முட்டைக்கு ஒரு மதகு.
நியாயமான விலைதான் என்றிருந்தேன்,
தட்டுகளை இறக்கும் வரைக்கும்.

இருபத்தொன்பது.
ரயரின் கன்னம் மெலிந்துவிட்டதாம்,
கிரவல் கல்லெல்லாம் நேரே மேலே ஏறுமாம்.
கடைக்காரி இன்பமலர் ஒழுகின தட்டைத் தூக்கி
'இது என்ன, பொரிச்சே கொண்டாறீங்களோ?' என்றாள்.
மஞ்சள் கரு சீற்றுத் துணியில் காய்ந்து
இன்னும் மணக்கிறது.

கஜமுகனிடம் கொப்பியைக் காட்டினேன்.
அவன் வாசிக்கவில்லை.
'காரைக் கழுவினனான், பாத்தனியே?' என்றான்.

சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.
பதினைஞ்சுக்கே கன்னம் தடித்த ரயர் இருக்கிறதாம்,
கால் அங்குலமாவது எழும்புமாம்.
மதகு உரசும், கொஞ்சம் மரியாதையாக.
பெற்றோல் முந்தின கணக்குக்குக் கிட்ட வரும்.
முட்டை வரியும் பழையபடி.

எல்லாம் கூட்டிக் கழித்தாயிற்று.
ஒன்று மட்டும் கொப்பியில் இல்லை.

வெள்ளிக்கிழமை வெறுந் தட்டுகளோடு வருகிறேன்.
புளியங்குளத்தில் புதிதாய்த் திறந்த பாமசி,
முகப்பு முழுக்கக் கண்ணாடி.
அதற்குள்ளால் ஒரு கார் போனது,
நெஞ்சை நிமிர்த்தி, வெள்ளிச் சில்லு மினுங்க.
ஆரடா இது என்று பார்த்தேன்.
ஓட்டினவள் என்ர சட்டை போட்டிருந்தாள்.

முன்னால் மாடில்லை, ஆளில்லை,
கால் தானாக எழும்பியது.
பற்றறிக்குள் கொஞ்சம் ஏறியிருக்கும்.
எவ்வளவென்று
திரையை நான் பார்க்கவில்லை.