வெள்ளிக்கிழமை நிறுவை

புதுப் பில்ரர் ஒன்றின் நிறை
முந்நூற்றுப் பத்துக் கிராம்.
வெள்ளி மாலை கழற்றும்போது
ஒன்றரைக் கிலோவைத் தாண்டியிருக்கும்,
விரல் வைத்தால் ஒட்டும்.
கழித்து எழுதுவது என் வேலை.
கழித்து வருவது
ஓமந்தைக் காற்றுக்குப் போகாத சிவப்பு,
போகாத வெள்ளி,
போன கிழமை முழுக்க
எவரும் விரும்பி வாங்காத அந்தப் பச்சை.

கார் இங்கே பிறப்பதில்லை.
துறைமுகத்திலிருந்து துண்டு துண்டாய்
கொள்கலனில், ஏ-ஒன்பதால் வரும்.
பொருத்துகிறோம், பூசுகிறோம், சூட்டறையில் காய வைக்கிறோம்.

முதல் வருடம் பில்ரர் இல்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் யோகவதி
பள்ளிக்கூடச் சட்டைகளைக் காயப் போட்டாள்.
எடுக்கும்போது அவை மினுங்கின.
முருங்கையிலை கழுவக் கழுவ ரின்னர் மணத்தது.
அவள் சபைக்கு எழுதவில்லை.
சட்டை இரண்டை ஒரு பையில் போட்டு
வாசல் காவலாளியிடம் கொடுத்தாள்:
"உங்கட சாமான். வைச்சிருங்கோ."

பிறகுதான் வந்தன
புகைபோக்கி, மூன்றடுக்குப் பில்ரர்,
தராசு,
நான்.

துளி அகப்படும். மணம் அகப்படாது.
மணத்துக்கு நிறை இல்லை என்றே நினைத்திருந்தேன்,
ஒருநாள் ரின்னர் பரலை நிறுத்துப் பார்க்கும் வரை.
பரலில் இல்லை.
காரில் இல்லை.
பில்ரரிலும் இல்லை.
இருபத்தேழு கிலோ
எங்கோ இருந்தாக வேண்டும்.

அந்த எண்ணை இந்திரகுமார் சேரிடம் காட்டினேன்.
தண்ணீரில் கரையும் பெயின்ற் எடுப்பித்தார்.
பங்குனியில் நன்றாய்க் காய்ந்தது.
கார்த்திகையில் கதவு விளிம்பெல்லாம்
மெழுகுதிரி மாதிரி வடிந்து நின்றது.
"மாரிக்கு மட்டும் பழசு, பிள்ளை" என்றார்.
மாரிக்கு மட்டும் பழசு.
எழுதி வைத்திருக்கிறேன், திகதியோடு.

ஒரு சனிக்கிழமை
விட்டுப்போன குடையை எடுக்க வந்தேன்.
பாலை மரத்துக்கு அப்பால் கரும்புகை.
புகை கண்டால்
இந்தப் பக்கத்து ஆட்களுக்கு முதலில் வாயில் வருவது
தூரம்.
ஐம்பது மீற்றர், என்றது என் வாய்.

கிடங்கில் கெங்காதரன்
தடியால் கிளறிக்கொண்டிருந்தான்
என் வெள்ளிக்கிழமைகளை.
சிவப்பு எரியும்போது கறுப்பு.
பச்சை எரியும்போதும் கறுப்பு.
முகத்தில் ஒரு கைலேஞ்சி, அவ்வளவுதான்.
"சபை லொறி ஏத்தாதாம் அக்கா.
பின்ன எங்க போடுறது?"
என்னிடம் பதில் இல்லை.
இரண்டு வருடக் கழித்தல் கணக்கு
என் கண் முன்னே
யோகவதி வீட்டுப் பக்கமாய்ச் சாய்ந்தது.

திங்கள் காலை பதிவேட்டில்
அடிமட்டம் வைத்து ஒரு கோடு கீறினேன்.
புதிய நிரல். மேலே ஒரு சொல்:
எரித்தது.
கீழே, நினைவு இருந்த மட்டும், பின்னோக்கி நிரப்பினேன்.

சேர் நெடுநேரம் பார்த்தார்.
"இதை ஆர் பாக்கப் போகினம்?"
தாளைக் கிழிக்கவில்லை.
மதியம் போர்க்லிப்ட் ஒன்று
வெறும் கொள்கலனைத் தூக்கிப் போய்
கிடங்கின் மேல் வைத்தது.

இருபத்தாறு கிழமை ஆகிறது.
பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது.
தெற்கிலிருந்து லொறி வரும், ஏற்றிக்கொண்டு போகும் என்கிறார்கள்.
எந்தத் தெற்கு, எந்தச் சூளை,
அங்கே வேலிக்கு அந்தப் பக்கம் யார்,
அதற்கு நிரல் இல்லை இன்னும்.

நேற்று பஸ்ஸில் யோகவதி பக்கத்தில் இருந்தாள்.
"இப்ப மணம் குறைவு" என்றாள்,
நன்றி சொல்லும் குரலில் அல்ல.
"எங்க வைச்சிருக்கிறியள்?"
"பூட்டி."
"திறப்பு?"
பையைத் திறந்து காட்டினேன்.
கையில் எடுத்துப் பார்த்தாள்.
மணந்தும் பார்த்தாள்.