மூன்றாம் பிரதி

நாலு டெராபைட்.
அதில் மூன்றரை விலைக்கு வாங்கியது.
ஏதோ ஒரு குளிர்நாட்டுத் தேவாலயத்தில்
பதினெட்டுப் பேர் ஒரே சமயத்தில் வில்லைத் தூக்கி
ஒற்றை ஸ்வரத்தை நாள் முழுக்க இழுத்தது,
மெல்ல, சற்றே பலமாக, இன்னும் பலமாக.
அவர்களில் ஒருவர் மூச்சு விடுவது
நாலாவது அடுக்கில் கேட்கும்.
அவர் பெயர் தெரியாது.
மாதத் தவணை தெரியும்.

மீதி அரை நானே சேர்த்தது.
கோட்டூர்ப் பக்கம் கொள்முதல் நிலையத்தில்
லாரியிலிருந்து நெல் மூட்டை விழும் சத்தம்.
என் கிக் டிரம் அதுதான்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
மூட்டை மந்தமாக விழும்.
அதிகாரி திருப்பி அனுப்புகிற அந்த நெல்லுக்கு
என்னிடம் தனி ஃபோல்டர் உண்டு.

போன ஐப்பசியில்
மன்னார்குடி உரக்கடை மாடியில்
ரேக்கின் மேல்தட்டில் அசல், கீழ்த்தட்டில் நகல்.
தகரம் பிய்ந்த இரவு
மழை இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.
ஒரே வீட்டில் இரண்டு இருந்தால்
அது ஒன்று என்று
முப்பத்தாறாயிரம் கட்டித் தெரிந்துகொண்டேன்,
மீட்டுத் தருகிறேன் என்ற திருச்சிக் கடையில்.
கோப்புப் பெயர்கள் எல்லாம் வந்தன.
உள்ளே ஒன்றுமில்லை.

நஜ்முதீன் கல்யாண வீடியோ எடுப்பவர்.
அதே மழையில் ஒரு வீட்டாருக்கு
முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து
கும்பிட்டுவிட்டு வந்தவர்.
மாதத்தின் முதல் வெள்ளி, ஜும்மா முடிந்து,
லெட்சுமாங்குடி நிறுத்தத்தில்
அவர் டிஸ்க் எனக்கு, என் டிஸ்க் அவருக்கு.
குமிழி உறைக்குள் சுற்றி
பழைய பிஸ்கட் டப்பாவில்.
பேருந்து கிளம்புவதற்குள் முடிந்துவிடும்.

என் பீரோவில்
நிலப் பத்திரத்துக்கும் சீட்டுப் புத்தகத்துக்கும் நடுவே
முந்நூற்றுப் பன்னிரண்டு நிக்காஹ் படுத்திருக்கிறது.
ஒரு முகமும் எனக்குத் தெரியாது.
அவர் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால்
என் டிரம்கள்.

நேற்று ராத்திரி பத்துக்கு நகல் தொடங்கியது.
பெரிய கோப்புகள்
மேட்டூர் திறந்த மாதிரி வந்தன.
பியானோ ஒரே பாய்ச்சல்.
துண்டுகளை எட்டியதும்,
ஒரு லட்சத்து நாற்பதாயிரம், ஒவ்வொன்றும் அரை நொடி,
கடைமடைக் கதைதான்.
மீதம் மூன்று மணி நேரம் என்றது.
பிறகு பதினொன்று என்றது.
பிறகு கொஞ்ச நேரம் எதுவுமே சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்றில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தக் கத்த
ஃபேனை நிறுத்தினேன், திரையை அணைத்தேன்,
இருட்டில் டிஸ்க்கின் பச்சை விளக்கை மட்டும்
ஜெனரேட்டர்காரர் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தால்
ஒரே ஒரு கோப்பு உதைத்தது.
மூட்டை, ஈரம் பத்தொன்பது, வெட்டாத மூலம்.
நகல் சரி. அசல்தான் அழுகியிருக்கிறது.
அழுகியதை அச்சுப் பிசகாமல் நகலெடுத்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு நஜ்முதீனைக் கூப்பிட்டேன்.
விழித்திருந்தார். வலங்கைமான் கல்யாணம் ரெண்டராகிக்கொண்டிருந்ததாம்.
அரிசி டிரம் நகரும் சத்தம் போனில் கேட்டது.
'கெடைச்சிடுச்சு, அனுப்பவா?'
'ஆடியோவா வேண்டாம் பாய்,
நசுக்கிடும். டாக்குமெண்ட்டா போடுங்க.'

அனுப்பிவிட்டு அவரே கேட்டார்:
'மூட்டை விழுந்ததும்
ஒரு பொம்பளை எண்ணுறாங்களே, யாரு?'

எண்ணுகிறார்களா?
நாற்பது நொடிக் கோப்பு அது.
நான் எப்போதும் அரை நொடியில் வெட்டிவிடுவேன்.

ஹெட்ஃபோனை மாட்டினேன்.
தொப்.
எழுபத்தொண்ணு.
தொப்.
எழுபத்திரண்டு.
பிறகு அதே குரல்,
'ஏ, அத அப்புடிப் போடாத, தையல் விடும்.'

ஆறரைக்கு மறுபடி ஒப்பிட்டேன்.
பிழை பூஜ்யம்.
டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்றலாம் என்று எழுதிக் காட்டியது.
நான் உடனே கழற்றவில்லை.
வெள்ளிக்கு இன்னும் நாலு நாள்.